ஆற்றுப்படையும் கடாரத்து உணவுச்சாலைகளும்

பசியோடு வழிநடப்பவன் எவ்விடம் சென்று உண்ண வேண்டும் என்று கூறுவதையே பொருளாகக் கொண்ட இலக்கிய வகை ஒன்று தமிழில் உண்டு. அதுவே ஆற்றுப்படை. ஆறு என்பது வழி. வழியிற் செலுத்துவது ஆற்றுப்படை. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற வளத்தை எதிரே வறுமையோடு வரும் இனத்தார்க்கு எடுத்துரைத்து, அவரும் சென்று பெறுமாறு வழிகாட்டுவது இதன் இலக்கணம் எனத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் கூறும். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படையே. முருகனிடத்துச் செலுத்தும் திருமுருகாற்றுப்படையை நீக்கினால், எஞ்சிய நான்கும் மனிதரிடத்தே வழிகாட்டுவன.

உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டு வழங்கினார். அதன் பின்னர் இந்நான்கு பாட்டுகளையும் பற்றி எழுதியோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் செய்தது ஒன்றே: பாட்டினுள் வரும் உணவுகளைப் பொறுக்கி எடுத்து, குறிஞ்சியில் இது, முல்லையில் இது என வரிசைப்படுத்திப் பண்டைத் தமிழர் உணவு எனத் தலைப்பிட்டு விடுவது. இவ்வாறு செய்தபின் நம் கையில் எஞ்சுவது ஓர் உணவுச்சாலையின் விலையில்லாப் பட்டியல். உண்பவன் யார், அவன் ஏன் அவ்வழியே வந்தான், அவனுக்கு இலையிட்டவர் யார் என்னும் வினாக்கள் கழிந்து போகின்றன. ஆற்றுப்படையின் உயிர்நிலையோ அவ்வினாக்களிலேயே உள்ளது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக் கொள்வோம். பாணன் செல்ல வேண்டிய இடம் தொண்டைமான் இளந்திரையனின் கச்சி. வழியோ நெடியது. முதலில் எயினர் குடிசை. எயிற்றியர் நிலத்தைக் கிளறி எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்து, நில உரலிற் குற்றி, உவர்க்கிணற்று நீரில் விளிம்பு உடைந்த பானையிற் சமைத்து, உலர்ந்த இறைச்சியோடு தேக்கிலையிற் குவித்துத் தருவர். (இன்று வாழையிலைச் சாப்பாடு என்று பலகை தொங்கவிடும் கடைக்காரர்கள் தம் தொழிலுக்கு எத்துணைப் பழமை உண்டென்று அறிந்தால் மகிழ்வர்.) அடுத்துக் கோவலர் இருக்கையில் தினைச்சோறும் பாலும், முல்லை நிலத்துச் சீறூரில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும், உழவர் மனையில் வெண்ணெற் சோறும் பெட்டைக் கோழிப் பொரியலும், வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். பின்னர் மறையவர் உறையும் ஊர் வருகிறது. கோழியும் நாயும் அணுகாத மனை. கிளிக்கு வேத ஓசை பயிற்றும் மனை. அங்கே வளையணிந்த கையினள் ஒருத்தி உயர்ந்த நெற்சோற்றையும், மிளகும் கறிவேப்பிலையும் இட்டு மோர் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயையும், மாங்காய் ஊறுகாயையும் அளிப்பாள். இவற்றைப் பெறுவீர் என்கிறார் புலவர்.

பட்டியலிடுவோர் மாதுளங்காயிலேயே நின்று விடுகின்றனர். பாணன் அம்மனைக்குச் சென்றான் என்பதன்றோ வியப்பு? எயினர் குடிசையில் உண்ட அதே பாணன், இறைச்சியும் கள்ளும் அருந்தி வந்த அதே சுற்றத்தோடு, நாயும் அணுகாத மனையின் முன் நிற்கிறான். அவனுக்கு உணவு உண்டு என்பதில் புலவர்க்கு ஐயமே இல்லை. திண்ணையில் வைத்து இட்டனரா, உள்ளே அழைத்து இட்டனரா என்பதைப் பாட்டு கூறவில்லை. ஆதலின் அக்காலத்துச் சமனிலை நிலவிற்று என்று இப்பகுதி கொண்டு முழங்குதல் பொருந்தாது. ஆயினும் பிற்காலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பாணர் மரபிற் பிறந்தவர் என்று வைணவ மரபு போற்றும் திருப்பாணாழ்வார் திருவரங்கத் தீவை மிதிக்கவும் அஞ்சிக் காவிரிக்கரையில் நின்றார் என்றே அவர் வரலாறு வழங்குகிறது. சங்கப்பாட்டில் மறையவர் மனைக்கு ஆற்றுப்படுத்தப்பட்ட பாணன், ஆழ்வார் காலத்துக் கதையில் ஆற்றின் இக்கரையில் நிறுத்தப்பட்டான். அந்நிலை வளர்ந்து, உணவை விற்கும் கடையின் பெயர்ப்பலகையிலும் சாதி ஏறிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தார் 1957ஆம் ஆண்டில் நாள்தோறும் மறியல் செய்து சிறைபுக நேர்ந்தது. எங்கே உண்பது என்னும் வினா சுவைபற்றிய வினாவாக மட்டும் என்றும் இருந்ததில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கடாரம் ஆற்றுப்படைப் புலவர்க்கு முற்றும் அயலானதன்று. பெரும்பாண் பாடிய அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகார்த் துறையில் வந்திறங்கிய பொருள்களைக் கூறுமிடத்து, ஈழத்து உணவோடு காழகத்துப் பொருள்களையும் சேர்த்துரைப்பர். காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் கொண்டார். அவர் உரை சரியாயின், பூசாங் பள்ளத்தாக்குச் சின்னங்கள் கிடைத்த மெர்போக் ஆற்றங்கரையும் புகாரின் அங்காடியும் ஒரே பாட்டின் எல்லைக்குள் வந்து விடுகின்றன.

இக்கடாரத்திலே, சிடாம் கிரி போன்ற தோட்டப்புறங்களிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கோ, அலோர் ஸ்டாருக்கோ, பாலம் கடந்து பினாங்குக்கோ செல்லும் ஒருவன் எங்கே உண்பது? பழைய பாணனுக்கு இல்லாத பல தடைகள் இவனுக்கு உண்டு. உடன் வரும் மலாய் நண்பருக்கு ஹலால் வேண்டும். சீன நண்பர்க்குத் தடை ஒன்றும் இல்லை. ஆயினும் அவர் விரும்பும் கோப்பிக்கடையில் பன்றி இறைச்சி உண்டா என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர் மாட்டிறைச்சி தொடார். வெள்ளிக்கிழமையாயின் மீனும் தொடார். புரட்டாசியாயின் மாதம் முழுதும் சைவம். நால்வர் ஒருங்கே அமர்ந்து உண்ணத்தக்க ஓர் இடத்தைத் தேர்வது கச்சிக்கு வழி தேடுவதினும் கடினம். ஆற்றுப்படைப் புலவரோ எதிர்ப்பட்ட பாணனை, நீ எதை விலக்கியவன் என்று ஒருபோதும் கேட்பதில்லை. பசித்தவன் அனைத்தும் உண்பான் என்பது அவர் கொள்கை.

நாசி கண்டார் என்னும் உணவின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. பினாங்கில் தமிழ் முசுலிம் வணிகர்கள் தோளிற் காவுத்தடி இட்டு, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் தூக்கித் துறைமுகத் தொழிலாளர்க்கு விற்று வந்தனர். கண்டார் என்பது அவ்வாறு தடியிற் சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். உண்பவன் உணவைத் தேடிச் செல்வது ஆற்றுப்படை. உணவே உண்பவனைத் தேடி நடந்தது இது. பின்னர்த் தடியை இறக்கி வைத்துக் கடைகள் எழுந்தன. பினாங்குக் கேம்பல் தெருவிலுள்ள அமீதியா கடை 1907ஆம் ஆண்டில் தொடங்கியது என்பர். அலோர் ஸ்டாரில் நாசி லெமாக் என்று கேட்டால், தென்மாநிலத்தார் எதிர்பார்க்கும் தேங்காய்ப்பாற் சோறும் நெத்திலிச் சம்பலும் வாரா. மஞ்சள் நிறச் சோறும் கறிக்குழம்புகளும் வரும். பெயர் ஒன்றாயினும் ஊர்தோறும் பொருள் வேறு. இத்தகைய உணவுகளின் சிறப்பே குழம்புகளைக் கலந்து வெள்ளம்போல் ஊற்றுதல். ஆனால் மாட்டிறைச்சி விலக்கியவர்க்கு இடரும் அதுவே. எந்தக் குழம்பில் எந்தக் கரண்டி புகுந்தது என்று முன்னரே கேட்டறியாமல் இலைமுன் அமர்தல் கூடாது. கேட்டால் பெரும்பாலும் முகம் கோணாமல் கூறுவர். கூறத் தயங்கும் கடையை விட்டு எழுந்து வருவதில் தவறில்லை.

கள்ளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஆற்றுப்படைகளில் கள் தாராளமாக ஓடுகிறது. அதனை எடுத்துக்காட்டித் தமிழர் குடியைப் போற்றினர் என்று எழுதுவாரும் உளர். இது சூழல் அறியாத கூற்று. அங்கே கள் விருந்தின் ஒரு பகுதி. தருபவன் விலை பெறுவதில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையோ, வெட்டிய பாலுக்குக் கிடைத்த கூலியைச் சம்பள நாளன்றே திரும்ப வாங்கிக் கொண்ட கடை. அதனை உணர்ந்த தொழிலாளர், இரண்டாம் உலகப்போர் முடிந்தவுடன், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை நடுவிடமாகக் கொண்டு தொண்டர் படை அமைத்தனர். அதன் தலைவராக விளங்கியவர் ஏ. எம். சாமி. கள்ளுக்கடை முன் மறியல் நடந்தது. 1947ஆம் ஆண்டில் காவற்படையினரோடு நேர்ந்த மோதல்களில் உயிரிழப்பும் நேர்ந்தது. எங்கே உண்ண வேண்டும் என்று பாடிய நூல்கள் பல. எங்கே உட்காரக் கூடாது என்று உயிரையும் கொடுத்து அறிவுறுத்தியவர்கள் கடாரத்துத் தோட்டப்புறத்தார். இலக்கியத்திற் கள்ளைக் காணும்போது இதனையும் உடன் நினைப்பதே திறனாய்வாளர்க்கு அழகு.

இக்காலத்து ஆற்றுப்படை எது? பிரஞ்சு நாட்டு மிச்செலின் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் கார் ஓட்டுவோர்க்கென வெளியிடத் தொடங்கிய கையேட்டை உலகம் அவ்வாறு கொள்கிறது. 1926இல் அது விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கிற்று. 2022ஆம் ஆண்டு திசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் முதன்முறையாக அதன் பதிப்பு வெளிவந்தது. அந்நிறுவனம் டயர் செய்வது. மக்கள் காரில் நெடுந்தொலைவு சென்றால் டயர் தேயும். தேய்ந்தால் விற்பனை பெருகும். ரப்பர்ப் பால் வெட்டியே மூன்று தலைமுறை கழித்தவரின் பிள்ளைகளுக்குப் பினாங்கில் எங்கே உண்பது என்று டயர் நிறுவனம் ஒன்று கூறுவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

ஆயினும் அக்கையேட்டின் நெறியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆய்வாளர் பெயர் மறைத்துச் செல்வர். உண்டதற்குப் பணம் கொடுப்பர். ஆற்றுப்படை இதற்கு நேர்மாறு. வழிகாட்டுபவன் தான் யார் என்பதை மறைப்பதில்லை. தான் இலவசமாக உண்டதையும் பரிசில் பெற்றதையும் முதலிலேயே கூறிவிடுகிறான். கேட்பவன் அதற்கேற்ப எடைபோட்டுக் கொள்ளலாம். இரண்டும் நேர்மையான முறைகளே. நேர்மையற்றது மூன்றாவது முறை: இலவசமாக உண்டு, அதனை மறைத்து, நடுநிலையாளர்போல் புகழ்ந்தெழுதுவது. இக்காலத்துப் பெருகியுள்ளது இதுவே.

ஆற்றுப்படையிடத்தும் குறை உண்டு. வழி எவ்வளவு விரிந்தாலும் முடிவில் ஒரு வள்ளலின் வாயிலே. வேறொருவனோடு ஒப்புநோக்கித் தேர்ந்து கொள்க என்று அது கூறாது. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில், இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லை உழுத கொழுப்போல் பல் மழுங்கிய பொருநன் பேசுகிறான். கரிகாலனின் வளம் அதனால் விளங்குவது உண்மையே. ஆனால் பசித்தவனின் குரல் அங்கே ஏப்பத்தில் மறைந்துவிடுகிறது. வழிகாட்டி என்னும் நிலையிற் சிறந்தது மலைபடுகடாமே. பெருங்கௌசிகனார் நன்னனது மலைக்கு வழி கூறும்போது, பன்றிக்கு வைத்த பொறியையும், வழுக்கும் பாறையையும், பாம்பையும், தினைக்காவலர் கவணிலிருந்து வரும் கல்லையும் முன்னதாகவே எச்சரிக்கிறார். உணவைப் புகழ்பவர் ஆயிரவர் உண்டு. போகும் வழியின் இடரைக் கூறுபவர் அரியர். படிக்கட்டு ஏற இயலாத முதியோர்க்கு அந்தக் கடை ஏற்றதா, கூட்டம் மிக்க நேரம் எது, விலை எழுதி வைத்துள்ளனரா என்பவற்றைக் கூறாத உணவுக் குறிப்பினால் யாருக்கு என்ன பயன்?

எனினும் நான்கனுள் உயர்ந்தது நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை என்றே கூற வேண்டும். 269 அடிகளே கொண்ட பாட்டு. அதன் வழியிலும் உணவு உண்டு: எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். பட்டியலிடுவோர் இம்மூன்றையும் தவறாது எடுத்துக்காட்டுவர். இம்மூன்றுக்கும் முன்னே வருவதை அவர் கவனிப்பது குறைவு. வழிகாட்டும் பாணன் தன் முன்னிலையைச் சொல்கிறான். அடுக்களையில் ஈன்ற நாய். கண் திறவாத குட்டிகள் பாலில்லாத மடியைக் கவ்வ, பொறாது குரைக்கிறது. கூரை கழன்று, சுவரிற் கரையான் ஏறி, காளான் பூத்துக் கிடக்கிறது. ஒட்டிய வயிற்றினளாகிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். அறியாதார் கண்டு பழிப்பரே என்று நாணி, வாயிலை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு அதனை உண்கிறாள். முன்பின் அறியாத ஒருவனிடம் வழியில் நின்று இதனைச் சொல்கிறான் பாணன். அவன் சொல்லை நம்பலாம் என்பதற்கு அவன் காட்டும் சான்று இதுவே.

சப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கையே உணவாகக் கொண்ட தோட்டத்து வீடுகளை நினைவுகூரும் முதியோர்க்கு இவ்விடத்தில் உரையாசிரியர் தேவைப்படார். அக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் தோட்டத்து வேலியோரத்து முருங்கைக்கீரையும் இன்று நகரத்து வாழையிலைக் கடைகளில் அரிதாகவே இலையேறுகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் கலைந்து, குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தபோது, அவ்வுணவு வீட்டு அடுக்களைக்குள்ளேயே நின்றுவிட்டது. விருந்தினர்க்குக் காட்டத்தக்கதன்று என்னும் நாணமே இதற்கு ஒரு காரணமாதல் கூடும்.

கிணைமகளின் வாயில் அடைபட்ட பின்னர்ப் பாட்டு நகர்கிறது. மீன் வருகிறது, ஆமான் வருகிறது, நண்டு வருகிறது. பிறகு நல்லியக்கோடனின் வாயில் தோன்றுகிறது. பொருநர், புலவர், அந்தணர் ஆகிய எவர்க்கும் அது சாத்தப்படுவதில்லை என்கிறார் நத்தத்தனார். உள்ளே பொற்கலத்தில் உணவிட்டு, அரசன் தானே அருகில் நின்று ஊட்டுகிறான். நாணத்தால் மூடிய வாயில் ஒன்று, எவர்க்கும் மூடாத வாயில் ஒன்று; பட்டியல்களில் இடம்பெறும் ஆமூர் நண்டு இவ்விரண்டு வாயில்களுக்கும் இடையே கிடக்கிறது.