மல்டிமீட்டருக்குப் பிடிபடாத ஆம்பிளிஃபயர்

திண்டிவனம், ஓமந்தூர்ப் பக்கத்துத் தெருக்களில் வெங்காய வண்டி, பழைய இரும்பு வண்டி, உப்பு வண்டி எதிலும் இப்போது ஆள் கத்துவதில்லை. பென் டிரைவில் பதிந்த குரல் சலிக்காமல் கூப்பிடுகிறது. இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரி, அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு ஆம்பிளிஃபயர் போர்டு. பெரும்பாலும் உள்ளூர் ரேடியோ கடைக்காரரோ, பாலிடெக்னிக் படித்த பக்கத்து வீட்டுப் பையனோ கோத்துக் கொடுத்ததாக இருக்கும். கிளாஸ் டி என்ற பெயரெல்லாம் வண்டிக்காரருக்கு வேண்டாம். "சின்ன போர்டு" என்றால் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சின்ன போர்டு வந்தது நல்லதுதான். ஆனால் அதில் நாம் செய்வது எவ்வளவு, கெட்டுப்போனால் பழுது கண்டுபிடிக்க நம் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கையும் காதும் மல்டிமீட்டருமாகப் பல வருடம் வளர்ந்த ரேடியோ கடை அறிவு இந்த ஒரு சாமானிடம் வந்துதான் தடுமாறுகிறது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடலாம். பழைய கிளாஸ் ஏபி ஆம்பிளிஃபயர் வேலை செய்யும் விதம், மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டு மடையில் மண்ணைப் போட்டுத் தண்ணீரைக் குறைப்பது போன்றது. மிச்சமெல்லாம் டிரான்சிஸ்டரில் சூடாகிப் போகிறது. அந்த வகையின் உச்சத் திறன் கணக்குப்படி 78.5 சதவீதம், அதுவும் முழுச் சத்தத்தில் பாடும்போது மட்டும். பேச்சும் பாட்டும் எந்நேரமும் உச்சத்தில் நிற்பதில்லை. சராசரி வாட் உச்சத்தில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் திறன் 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பேட்டரியில் இருந்து நான்கு பங்கு எடுத்தால் ஸ்பீக்கருக்குப் போவது ஒரு பங்கு சொச்சம்தான். கிளாஸ் டி-யில் வெளியீட்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும், அல்லது முழுதாக மூடியிருக்கும். பாதி நிலையே கிடையாது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்ற அளவாக மாற்றி, நொடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடுகிறது. காயிலும் கெப்பாசிட்டரும் அந்த வெட்டுகளைச் சமன் செய்து பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. நல்ல போர்டு 90 சதவீதம் வரை தரும். வண்டிக்காரர் பேட்டரியைச் சார்ஜ் போடாமல் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாம். ஹீட்சிங்க் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவர், இரண்டு பேர் தூக்கிய இரும்புப் பெட்டிக்குப் பதில் ஒரு கையில் எடுத்துப் போகிறார். இந்த லாபத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இதை வீட்டில் செய்யும் ஆசையும் புதிதல்ல. 1964-ல் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் எக்ஸ்-10 என்ற கிட்டை விற்றார். வாங்கியவரே பத்தவைத்துக் கொள்ள வேண்டியது. பெயரில் இருந்த 10 வாட் ஸ்பீக்கரில் வரவில்லை. பக்கத்து ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பியது. அன்றைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் அவ்வளவு வேகமாகத் திறந்து மூடவும் இல்லை. அறுபது வருடத்தில் டிரான்சிஸ்டர் குறை மட்டும் தீர்ந்தது. அட்டைப்பெட்டி வாட்டும் ரேடியோ இரைச்சலும் அப்படியே நம் கடைத்தெரு வரை வந்திருக்கின்றன.

செய்வதில் நம் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். எல்ஏ 4440 என்ற சான்யோ ஐசியைப் பத்தவைக்காத ரேடியோ கடை தமிழ்நாட்டில் இருந்திருக்காது. 14 கால், எல்லாம் தடித்த கால், இரண்டு சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜ் போட்டால் 19 வாட். கெப்பாசிட்டர் எங்கே வருகிறது, எதற்கு வருகிறது என்று பத்தவைத்தவனுக்குத் தெரியும். இன்று அதே இடத்தில் இருக்கும் டிபிஏ 3116-க்கு 32 கால், காலுக்குக் கால் 0.65 மில்லிமீட்டர். சாதாரண சால்டரிங் அயர்னோடு போனால் நான்கு கால் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனால் யாரும் ஐசியை வாங்குவதில்லை, போர்டாகவே வாங்குகிறார்கள். நாம் சேர்ப்பது நான்கு ஒயர், ஒரு வால்யூம் கண்ட்ரோல், ஒரு டப்பா. இதை அசெம்பிள் என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் ஒயரை எங்கே சேர்க்கிறோம் என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது.

இந்தப் போர்டுகளுக்கு வழி சென்னை ரிச்சி தெரு. ஓமந்தூரில் பிறந்து 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பெயரிலுள்ள அரசினர் தோட்டத்துக்கு எதிர்ப்பக்கம், அண்ணா சாலையைக் கடந்தால் ரிச்சி தெரு. அவர் ஊர்ப் பையன்கள் இன்று அந்த இடத்துக்கு மாஸ்ஃபெட் வாங்கப் போகிறார்கள்.

மாஸ்ஃபெட் என்றதும் இன்னொரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். ரெடி போர்டு கௌரவக் குறைவு என்று ஐஆர்எஸ் 2092 ஐசியை வைத்து, சில நூறு வாட்டுக்குத் தாமே செய்பவர்கள். எனக்கு இவர்கள்மேல்தான் மரியாதை அதிகம். புகை பார்ப்பதும் இவர்கள்தான் அதிகம். சுற்றுப்படம் சரியாகவே இருக்கும். கோளாறு, சுற்றுப்படத்தில் எழுத முடியாத இடங்களில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். படத்தில் ஐஆர்எஃப்பி 4019 போடச் சொல்லியிருக்கும். கடையில் அது இல்லை. "ஐஆர்எஃப் 640 போடு தம்பி, இதுக்கு 150 வோல்ட்டுன்னா அதுக்கு 200, ஆம்பியரும் கூடத்தான் தாங்கும்" என்பார் கடைக்காரர். பவர் சப்ளைக்கோ, பழைய வகை ஆம்பிளிஃபயருக்கோ அந்த அறிவுரை பழுதில்லை. இங்கே பார்க்க வேண்டியது வேறொரு எண். மாஸ்ஃபெட்டைத் திறக்க அதன் கேட்டில் கொட்ட வேண்டிய மின்னூட்டம் 4019-க்கு 13 நானோ கூலும். 640-க்கு அதைப்போல நான்கைந்து மடங்கு. ஐசி அதே பலத்தோடு தள்ளுவதால் திறக்கவும் மூடவும் நேரம் ஆகிறது. மேல் மாஸ்ஃபெட் மூடுவதற்குள் கீழ் மாஸ்ஃபெட் திறந்துவிட்டால் சப்ளை நேராகக் கிரவுண்டுக்குப் பாயும். அதைத் தடுக்க ஐசியில் டெட் டைம் என்று சில பத்து நானோ நொடி இடைவெளி உண்டு. 2092-ல் நான்கு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டினால் புகை நிற்கும், பாட்டு கரகரக்கும். குறைத்தால் பாட்டு தெளியும், மாஸ்ஃபெட் சுடும். எது சரி என்று சொல்ல ஆசிலோஸ்கோப் வேண்டும். எத்தனை ரேடியோ கடையில் அது இருக்கிறது?

காயிலும் அப்படித்தான். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்-ஐ உடைத்தால் கிடைக்கும் மஞ்சள் வெள்ளை வளையத்தில் நம்மவர்கள் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். மல்டிமீட்டரில் கன்டினியுட்டி வரும், எல்சிஆர் மீட்டர் இருந்தால் மைக்ரோ ஹென்றியும் சரியாக வரும். ஆனால் அந்த இரும்புத்தூள் வளையம் நேர்மின்னோட்டத்தில் ஒட்டிவரும் சின்ன அலையை வடிகட்டச் செய்தது. நொடிக்கு மூன்று நான்கு லட்சம் முறை முழு வீச்சில் ஆட்டினால் தாங்காது. வேடிக்கை என்னவென்றால், பாட்டே ஓடாதபோதுதான் காயிலில் அலை அதிகம். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும் செட்டில் காயில் கை வைக்க முடியாமல் சுடுவதைப் பார்த்து, ஐசி ஷார்ட் என்று முடிவு கட்டி, ஐசியை மாற்றி, திரும்பவும் அதே சூட்டைப் பார்க்கிறார்கள்.

பழுது பார்ப்பதில் இப்படி ஏமாற்றும் இடங்கள் நிறைய. திண்டிவனத்துக் கடை எதிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"அண்ணே, ஒரு சைடு பாடல."

"அவுட்புட்ல பன்னெண்டு வோல்ட் நிக்குதுடா. ஐசி காலி. போர்டை மாத்திடு."

5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி வைத்த பழைய போர்டில் இந்தத் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. இரட்டை சப்ளை என்பதால் அங்கே வெளியீட்டில் பூஜ்யம் நிற்க வேண்டும். நின்றது பூஜ்யம் இல்லை என்றால் ஸ்பீக்கர் காயில் எரியும். ஆனால் 24 வோல்ட்டில் ஓடும் 3116 பிரிட்ஜ் வகை. ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் கிரவுண்டுக்கு 12 வோல்ட் நிற்பதுதான் அதன் ஆரோக்கியம். பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினால் சராசரி பாதி. பார்க்க வேண்டியது இரண்டு முனைகளுக்கு நடுவில், அங்கே ஏறத்தாழ பூஜ்யம் இருக்கிறதா என்று. ஒரு முனையில் 12, இன்னொன்றில் 0 என்றால் கோளாறு. இது தெரியாமல் நல்ல போர்டு எத்தனை குப்பைக்குப் போகிறதோ!

ஒயரிங் பழக்கமும் இப்படி ஏமாற்றும். மைக் செட் கட்டுபவர்கள் கம்பி மிச்சம் பிடிக்க இரண்டு பாக்ஸுக்கும் மைனஸ் ஒயரைப் பொதுவாக இழுப்பது வழக்கம். பிரிட்ஜ் போர்டில் மைனஸ் என்று அச்சடித்திருந்தாலும் அது கிரவுண்ட் இல்லை; அதுவும் இன்னொரு வெளியீடு. இரண்டு சேனலின் மைனஸைச் சேர்த்தால் இரண்டு வெளியீடுகள் மோதிக்கொள்ளும். ஐசி தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிவிடும். கரண்ட்டை நிறுத்திப் போட்டால் ஒரு நொடி பாடும், மறுபடி மூடும். "லூஸ் கான்டாக்ட்" என்று ஒயரை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

பழைய வித்தைகளில் ஒன்று மட்டும் புது வேடத்தில் பிழைத்திருக்கிறது: சீரிஸ் பல்பு. புதிதாகக் கோத்த செட்டை நேராக மெயினில் போடாமல் 100 வாட் குண்டு பல்பு வழியாகப் போட்டால், ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், செட் பிழைக்கும். எஸ்எம்பிஎஸ் சப்ளையில் இது சரிவராது. பல்பு வோல்டேஜைக் குறைக்க, சப்ளை விட்டுவிட்டு முழிக்கும். குண்டு பல்பே இப்போது தேட வேண்டியிருக்கிறது. இதற்குச் சிலர் கண்ட வழி எனக்குப் பிடித்தது: போர்டுக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் நடுவில் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடுத்துவிடுவது. 21 வாட் பல்பு என்றால் முழு ஷார்ட்டிலும் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது. சில்லறை விலைச் சாமானில் விலை கூடிய போர்டைக் காப்பாற்றும் இந்தப் புத்தி பாடப்புத்தகத்தில் வந்ததல்ல.

வாட் கணக்குக்கு வருவோம், சுருக்கமாக. போர்டில் 100 வாட் என்று அச்சடித்திருக்கும். ஐசியின் கணக்கு 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், சேனலுக்கு 50; அதுவும் 10 சதவீதச் சிதைவோடு, அதாவது காதுக்கே பிசிறு தெரியும் நிலையில். வாங்கியவர் அதை 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் மாட்டுகிறார். உள்ளே போவதே 24 வாட். பாஸ் வரும்போதெல்லாம் செட் "டுப் டுப்" என்று நின்று நின்று பாடும். அடாப்டர் மூச்சுத் திணறுவதை போர்டின் கோளாறு என்பார்கள். 24 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளைக்குக் கூடக் கொஞ்சம் செலவழித்து, போர்டில் மிச்சம் பிடித்தால் அதே செட் வேறு மாதிரி பாடும்.

அக்கம்பக்கத்து ரேடியோவுக்குச் செய்யும் கெடுதலையும் விடக் கூடாது. 3116-ன் வழக்கமான வேகம் 400 கிலோ ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 800, 1200, 1600 மூன்றும் மீடியம் வேவ் அலைவரிசைக்குள் விழுகின்றன. காயில், கெப்பாசிட்டர் இருக்கும் போர்டில் தொல்லை குறைவு. 5 வோல்ட்டில் ஓடும் பிஏஎம் 8403 போன்ற குட்டி போர்டுகளில் காயிலே கிடையாது; ஸ்பீக்கரைச் சில அங்குலத்தில் வைத்துக்கொள்வாய் என்ற நம்பிக்கையில் செய்தவை. நாம் அதற்கு மூன்று மீட்டர் ஒயர் இழுக்கிறோம். ஒயர் ஏரியலாகிவிடுகிறது. ஏஎம் ரேடியோ கேட்பவர்கள் குறைந்துவிட்டதால் புகார் வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, இந்தப் பழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது? 12 முதல் 24 வோல்ட்டுக்குள், ரெடி போர்டோடு, பேட்டரியிலோ நல்ல சப்ளையிலோ செய்வதைத் தாராளமாகச் செய்யலாம். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கும் சொல்லித் தரலாம். ஸ்கோப் இல்லாமல் நூற்றுக்கணக்கான வாட் ஐஆர்எஸ் 2092 செய்வது, கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எரிப்பது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய ஸ்கோப் வாங்கினால் கதை மாறும்.

எனக்குப் பயம் இருப்பது ஆம்பிளிஃபயர் பகுதியில் இல்லை, சப்ளையில். இரும்பு டிரான்ஸ்பார்மர் கனமாக இருந்தாலும் மெயினையும் செட்டையும் முழுதாகப் பிரித்து வைத்தது. மலிவான எஸ்எம்பிஎஸ்-ல் 230 வோல்ட் முதலில் 325 வோல்ட் டிசியாகி நிற்கிறது. அந்தப் பக்கத்துக்கும் ஸ்பீக்கர் பக்கத்துக்கும் பாலமாக ஒரு நீல வட்டக் கெப்பாசிட்டர். 2.2 நானோ ஃபாரட் என்றால் அதன் வழியாகக் கசிவது 0.16 மில்லி ஆம்பியர்; பெட்டியைத் தொட்டால் "சுர்" என்று இருக்கும், ஆபத்தில்லை. பிளக்கைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்ததாக நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கெப்பாசிட்டர் ஒய் வகை. கெட்டாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்பட்டது. ரிப்பேரில் அதே நிறம், அதே அளவு என்று சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டால், அது ஷார்ட் ஆகும் நாளில் பெட்டி, மைக் ஒயர், மைக்கின் இரும்பு வலை எல்லாவற்றிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். தெருக்கூத்து மேடையில் வாயை ஒட்டிப் பிடித்துப் பாடும் மைக் அது. மூன்றாவது பின் எர்த்தில் இருந்தால் ஃபியூஸ் போகும். ஆனால் கோயில் திடலில் இழுத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் பெரும்பாலும் இரண்டு கம்பிதான் ஓடுகிறது.