சிவபுராணத்தில் டார்வினைத் தேடலாமா?

திருவாசக முற்றோதல் முடிந்து சொற்பொழிவு தொடங்கினால், பேசுகிறவர் அநேகமாக ஒரு செய்தியைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. புல் முதல் மனிதர் வரையிலான உயிர்களின் வரிசையைச் சிவபுராணத்தில் அடுக்கிய மாணிக்கவாசகர், டார்வின் சொன்னதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்பதே அந்தச் செய்தி. கூட்டம் கைதட்டும். உயிரியல் படித்த பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் உரிமை உண்டு. மாணிக்கவாசகரைக் குருவடிவில் வந்து இறைவன் ஆட்கொண்டதாகச் சொல்லப்படும் திருப்பெருந்துறை, அறந்தாங்கியை அடுத்த ஆவுடையார்கோயில்தான். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலாக மாறியது என்ற கதையை இங்கே சின்னப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆகவே பரிணாமக் கொள்கையை ஏற்றால் கடவுள் நம்பிக்கை போய்விடுமா என்ற கேள்விக்கு இந்த மண்ணில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "போகாது, நம் சமயம் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது" என்பது. இந்தப் பதிலின் முதல் பாதி சரி என்று நினைக்கிறேன். இரண்டாம் பாதி தவறு. அந்தத் தவறு முதல் பாதியையும் பலவீனமாக்குகிறது.

இந்த வழக்கத்தால் நேர்ந்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1925-இல் டென்னசி மாநிலத்தில் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அப்படி ஒரு வழக்கு தமிழ்நாட்டில் நடக்கவில்லை. மனிதனும் மற்ற உயிர்களும் ஒரே தொடரில் வருபவை என்பது நம் வீடுகளில் யாரையும் அதிர வைப்பதில்லை. உலகின் வயது ஆறாயிரம் ஆண்டு என்ற கணக்கை நம் சமயங்கள் பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. யுகம், கற்பம் என்று பேசிப் பழகியவர்களுக்கு 350 கோடி ஆண்டு உயிர் வரலாறு மலைப்பாகத் தோன்றாது. சமச்சீர் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் உயிரின் தோற்றத்தையும் பரிணாமத்தையும் படிக்கிறார்கள். அதற்காக எந்தக் கோயிலும் கொடி பிடித்ததில்லை. இந்த இணக்கத்தில் முற்றோதல் மேடைப் பேச்சுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் பாட்டையே எடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் புழுவுக்குப் பின் மரம் வருகிறது. பறவைக்குப் பின் பாம்பு வருகிறது. பாம்புக்குப் பின் கல், அதற்குப் பின்தான் மனிதர். மனிதரோடும் வரிசை முடியவில்லை; பேய், கணம், அசுரர், முனிவர், தேவர் என்று மேலே போகிறது. இதை உயிரியல் கால அட்டவணையாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு படியிலும் இடறும். ஊர்வனவற்றிலிருந்து பறவைகள் வந்தன என்பதைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. கல்லிலிருந்து மனிதர் வந்ததாக யாரும் சொல்லவில்லை. மாணிக்கவாசகர் தவறு செய்துவிட்டார் என்று இதற்குப் பொருளல்ல. அவர் அட்டவணை எழுதவே இல்லை. எல்லாப் பிறவியும் எடுத்து அலுத்துப்போன ஓர் உயிர், இனிப் பிறக்க முடியாது என்று இறைவன் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லும் முறையீடு அது. அந்தக் களைப்பைத் துடைத்துவிட்டு அங்கே ஒரு கண்டுபிடிப்பை வைத்தால் பாட்டின் உயிர் போய்விடும்.

அறிவியலுக்கும் இதே கதிதான் நேர்கிறது. பிறவிச் சுழலில் ஓர் ஆன்மா பல உடல்கள் வழியே பயணம் செய்கிறது. டார்வினும் ஆல்ஃபிரட் ரசல் வாலசும் சொன்னதில் எந்த உயிரும் பயணம் செய்வதில்லை, மாறுவது கூட்டம். ஒரு கூட்டத்துக்குள் பிறப்பிலேயே சிறு வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றில் சில, அந்தச் சூழலில் பிழைத்துக் குட்டி போட உதவுகின்றன. அவை அடுத்த தலைமுறையில் பெருகுகின்றன. காசநோய்க்கு மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், மருந்தைத் தாங்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகுவதும் இதே முறையில்தான். இதில் மேலே ஏறும் ஏணி இல்லை, சேர வேண்டிய இடமும் இல்லை. சிம்பன்சி மனிதனாகவில்லை, இருவருக்கும் பொதுவான மூதாதை ஆறேழு மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அந்த உறவின் தடயம் நம் உடலிலேயே இருக்கிறது. சிம்பன்சிக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. நம் இரண்டாம் குரோமோசோம், இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியதால் உண்டானது. ஒட்டிய இடம் இன்றும் தெரிகிறது. இவ்வளவு துல்லியமான சாட்சியை "எங்கள் பாட்டில் அப்போதே இருக்கிறது" என்ற ஒரு வரியால் மூடினால், பிள்ளைகள் இழப்பது அதிகம்.

முன்பே சொல்லிவிட்டோம் என்ற பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்தன. அடுத்த ஆண்டு ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், தசாவதாரம் டார்வினைவிடச் சிறந்த கொள்கை என்று பேசினார். பிறகு என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 2023-இல் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, அதை மீண்டும் சேர்க்கக் கேட்டார்கள். நீக்கத்துக்குப் பாடச்சுமையைக் காரணமாகச் சொன்னார்கள். ஆனாலும், எல்லாம் நம் நூல்களிலேயே இருக்கிறது என்று நம்பும் சமூகத்தில் ஒரு பாடம் காணாமல் போவதை யார் கவனிப்பார்கள்?

எதிர்ப்பக்கத்துக் குரலும் தமிழுக்குப் புதிதல்ல. சுயமரியாதை இயக்கக் காலத்தில் சிங்காரவேலர் 'குடி அரசு' இதழில் அறிவியலைத் தமிழில் விளக்கி எழுதினார். பரிணாமம் அங்கே கடவுள் மறுப்புக்கு ஆயுதமானது. சாதியைப் பிறப்போடு கட்டிவைத்த கதைகளை உடைக்க அந்த ஆயுதம் தேவைப்பட்டது, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பரிணாமம் உண்மை என்பதிலிருந்து கடவுள் இல்லை என்பது தானாக வந்துவிடாது. ஒருவர் தீவிர இறை நம்பிக்கையாளராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்று டார்வினே 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். நவீனப் பரிணாம மரபியலை உருவாக்கியவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்.

அப்படியானால் முரண்பாடே இல்லையா? இருக்கிறது. ஆனால் மேடைகள் தேடும் இடத்தில் அது இல்லை. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்குக் கருந்தலைப் புழுவைத் தெரியும். அதை அடக்க வேளாண் துறை பரிந்துரைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள், புழுவைக் கொட்டி முடக்கி அதன் உடல்மேல் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரித்து, அந்தப் புழுவை உயிரோடு தின்று வளர்கின்றன. இந்தக் குளவிகளின் நெருங்கிய சொந்தக்காரக் குளவிகளைத்தான் 1860-இல் ஏசா கிரே என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் குறிப்பிட்டார். அருளும் ஆற்றலும் உள்ள ஒருவர் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். உயிர்கள் இப்படி ஒன்றையொன்று வதைத்துத்தான் இவ்வளவு அழகும் வந்ததென்றால், அன்பே சிவம் என்று சொல்வது எப்படி? பக்தர் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். முன்பே சொல்லிவிட்டோம் என்ற பதில் இதன் பக்கமே வருவதில்லை.

சைவ சித்தாந்தம் இதற்கு வினையையும் ஆன்மாவின் பக்குவத்தையும் சொல்லும். எனக்கு அந்த விளக்கத்தைவிடச் சிவபுராணத்தின் களைப்பு நேர்மையானதாகப் படுகிறது. புழுவாகப் பிறந்த துன்பத்தை, தான் பட்ட துன்பமாகச் சொல்ல ஒரு மனிதருக்கு வாய் வந்திருக்கிறது. குளவி தின்னும் அந்தப் புழுவை வேற்றுயிராக அவர் பார்க்கவில்லை. பரிணாமம் நிறுவும் உறவுக்கும் இந்த உணர்வுக்கும் இடையில் பகை எதுவும் இல்லை. ஒன்று இன்னொன்றுக்குச் சான்றிதழ் தர வேண்டியதும் இல்லை.

ஆவுடையார்கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்மனுக்குப் பாதங்கள் மட்டுமே. ஒவ்வோர் உயிரையும் உட்கார்ந்து வடிக்கும் சிற்பியாகக் கடவுளைக் கற்பனை செய்தால், டார்வின் அந்தச் சிற்பிக்கு வேலையில்லாமல் செய்துவிட்டார் என்பது உண்மை. சித்தாந்த நூல்களும் குயவன் உவமையை எடுத்தாளுகின்றன. அந்த உவமையை இன்று அப்படியே நிறுத்திவைக்க முடியாது. ஆனால் இந்தக் கோயிலில் நடப்பதுபோல, வடிவமில்லாத ஒன்றின் முன் சோற்று ஆவியைப் படைத்துக் கும்பிடும் வழிபாட்டுக்கு, உயிர்கள் எந்த வழியில் உருவாயின என்ற விவரம் இடைஞ்சல் செய்யாது. இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில் படைப்புக் கடவுளே வேண்டாம் என்ற சமணர் தவம் செய்தார்கள். உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தவர்கள் அவர்கள். படைத்தவர் யார் என்ற கேள்வியை நம் மண் டார்வின் வருவதற்கு வெகுகாலம் முன்பே விவாதித்திருக்கிறது. விவாதித்தது என்பதில் பெருமைப்படலாம். விடை கண்டுவிட்டது என்று சொல்ல வேண்டாம்.

முற்றோதல் மேடைகளில் பேசும் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இது: சிவபுராணத்தை முறையீடாகவே விளக்குங்கள், டார்வினை அதற்குள் இழுக்காதீர்கள். உயிரியல் ஆசிரியர்களிடம் இன்னொன்று: திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்த விலங்குகளும் பாறை மாதிரிகளும் கோயில் செப்புத் திருமேனிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் உள்ளன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்ப் பரிணாமப் பாடத்தை நடத்துங்கள். குளவியைப் பற்றிய கேள்வியை அவர்கள் கேட்டால், தயவுசெய்து அடக்கிவிடாதீர்கள்.