மாத்திரையும் சணலும்: வில்லியம் ஸ்லிம்மின் பர்மா

பர்மா போர்முனையில் ஒரு பட்டாலியன். முன்னறிவிப்பின்றி அத்தனை பேரையும் சோதிக்கிறார்கள். மலேரியாவைத் தடுக்கத் தினமும் தின்ன வேண்டிய மெபாக்ரின் மாத்திரையைத் தின்றார்களா என்பதுதான் கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறாவிட்டால் தளபதியின் பதவி போய்விடும். மூன்று பேருக்குப் போனது. பிறகு எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த உத்தரவைப் போட்ட ஃபீல்ட் மார்ஷல் வில்லியம் ஸ்லிம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்து தொடங்குவார்கள். என் கணிப்பில் அவருடைய தனித்திறன் மருந்துப் பெட்டியிலும் சரக்குக் கிடங்கிலும்தான் முதலில் தெரிகிறது.

1891இல் பிரிஸ்டலில் பிறந்தவர். தந்தை இரும்புச் சாமான் வியாபாரி. மகனை ராணுவக் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. பள்ளி ஆசிரியராகவும் எழுத்தராகவும் வேலை பார்த்தவருக்கு 1914இன் போர்தான் அதிகாரிப் பதவியைத் தந்தது. கலிப்போலியில் படுகாயம். பின்பு இந்திய ராணுவத்தில் கூர்க்காப் படை. சம்பளம் போதாமல் ஆன்டனி மில்ஸ் என்ற புனைபெயரில் கதைகளும் எழுதினார்.

1942 மார்ச்சில் பர்மா கோர் என்ற படை அவர் கைக்கு வந்தபோது ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்துவிட்டது. மிஞ்சியது 1,400 கிலோமீட்டருக்கும் மேலான பின்வாங்கல். மே மாதம், மழையில், கடைசிப் படை கந்தல் உடையோடு இம்பால் சமவெளிக்கு வந்து சேர்ந்ததைச் சாலையோரம் நின்று பார்த்தார். எலும்பும் தோலுமான அந்த ஆட்கள் துப்பாக்கியை விடவில்லை, வரிசையும் குலையவில்லை. அதே ஆண்டில்தான் ரங்கூன் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தார்கள்.

1943இல் 14ஆம் ராணுவத்தை ஏற்றபோது, காயம்பட்டு வெளியேறிய ஒருவனுக்கு நோயால் வெளியேறியவர்கள் 120 பேர். மலேரியா கண்டவர்களை இந்தியாவுக்கு அனுப்பாமல் போர்முனைக்கு அருகிலேயே வைத்துக் குணப்படுத்த ஏற்பாடு செய்தார். மாதக்கணக்கில் வராதவர்கள் சில வாரங்களில் திரும்பினார்கள். விமானத்திலிருந்து சரக்கு இறக்கப் பாராசூட் பட்டு கிடைக்கவில்லை. கல்கத்தா ஆலைகளின் சணலில் தைக்கச் சொன்னார். பட்டுப் பாராசூட் 20 பவுனுக்கு மேல். சணலுடையது ஒரு பவுனும் கொஞ்சமும். அரிசியும் குண்டும் இறங்க அது போதும்.

1944இல் இம்பால், கோஹிமாப் போர்கள். ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி எதிரியின் உணவுக் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். கிடங்குகள் சிக்கவில்லை; அவருடைய வீரர்கள் பட்டினியில் மடிந்தார்கள். ஆனால் கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட்தான் வரும் என்று ஸ்லிம்மும் தப்புக்கணக்குப் போட்டிருந்தார். வந்தது முழு டிவிஷன். 1956இல் வெளியான தன் நூலில் அந்தத் தவறைத் தன்னுடையது என்றே எழுதினார். தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் இது அபூர்வம். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான்.

1945 மே மாதம் ரங்கூன் மீண்டது. மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரை மாற்றப் பார்த்து, கடைசியில் தானே பதவி இழந்தார். சில ஆண்டுகளில் பிரதமர் அட்லி, மான்ட்கோமரியின் விருப்பத்தை மீறி, ஸ்லிம்மைப் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைக்குக் கொண்டுவந்தார். இந்திய ராணுவத்திலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள் அவர்.

நெருடல் ஒன்று உண்டு. தன் பிழைகளை அவ்வளவு நேர்மையாக எழுதியவர், எதிரே நின்ற இந்திய தேசிய ராணுவத்தைப் பொருட்படுத்தத் தக்கதாகவே கருதவில்லை. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் ஏன் துப்பாக்கியைத் தூக்கினார்கள் என்ற கேள்வி அந்த நூலுக்குள் எழவே இல்லை.