பிணத்தைத் தொடுகிறவன் கேள்வி கேட்கலாமா?

பிணத்தைக் குளிப்பாட்டி, பதப்படுத்தி, அலங்கரித்து, அடக்கம் வரை எல்லாவற்றையும் காசுக்குச் செய்து கொடுக்கும் நிறுவனம் அமெரிக்காவில் உண்டு. ஃப்யூனரல் ஹோம் என்பார்கள். நாம் சாவுக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் களமாகக் கொண்டு சிரிப்பும் துப்பறிதலும் கலந்த நாவல்கள் அங்கே ஒரு தனி ரகமாகவே வருகின்றன. டிம் காக்கி 2000இல் தொடங்கிய வரிசையில் பால்டிமோர் நகரத்துச் சாவுக்கூடக்காரர் துப்பறிகிறார். மார்க் டி காஸ்ட்ரிக் 2003இல் தொடங்கிய வரிசையில், போலீஸ் வேலையை விட்டு வந்து மலையூர் ஒன்றில் குடும்பத்துச் சாவுக்கூடத்தை நடத்துகிறவர்.

மூங்கில்துறைப்பட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த ரகத்தைப் படிக்கிறேன். சிரிப்பு வராமலில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது: இந்த ஆளுக்குக் கேள்வி கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

பிணத்தைத் தொடுவதாலேயே அவருக்கு ஓர் அறிவு கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு செத்தவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து விசாரிக்கவும் முடிகிறது. ஏனென்றால் அவர் முதலாளி. (சாவு வியாபாரத்தின் கொள்ளையை ஜெசிகா மிட்ஃபர்ட் 1963லேயே அம்பலப்படுத்தினார். அந்த முதலாளியை இக்கதைகள் நல்ல மனுசனாக்கிவிடுவது தனிச் சங்கதி.)

நம்மூரில் சாவுக்கூடம் கிடையாது. வாசலில் பந்தல் போட்டால் அந்த வீடே, தெருவே சாவுக்கூடம்தான். சிரிப்புக்கும் பஞ்சமில்லை. பாடை கட்டுற இடத்திலேயே மாமன் மச்சான்கள் கேலி பேசுவார்கள்; ஒப்பாரிக்குள்ளேயே செத்தவரின் கஞ்சத்தனம் வந்து விழும். ஹலிதா ஷமீமின் 'ஏலே' (2021) படத்தில் அழுகை வராத மகன், காணாமல் போகும் பிணம் என்று நகைச்சுவையும் மர்மமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆக, ரகம் நமக்கு அந்நியமில்லை. இல்லாதது பிணத்தைத் தொட்டுத் துப்பறிகிறவன்.

அந்த வேலையைச் சாதி பங்கு போட்டு வைத்திருக்கிறது. சேதி சொல்ல, பறையடிக்க, சிரைக்க, குழி வெட்ட, எரிக்க. உடலின் தடயங்களைக் கிட்டத்தில் பார்க்கும் கண் இவர்களுடையது. வாய்? 'உனக்கின்னாடா கேள்வி, வேலையப் பாரு.' அரசுப் பிணவறைகளிலும் பல இடங்களில் இதே ஏற்பாடுதான்: கத்தி துப்புரவுத் தொழிலாளி கையில், கையெழுத்து டாக்டருடையது. அறிதல் ஒருவனுக்கு, சொல்லாடல் இன்னொருவனுக்கு. தமிழ் மர்மக்கதை இந்தப் பிளவை அப்படியே ஏற்றுக்கொண்டது. தேவனின் சாம்பு வங்கி குமாஸ்தா, சுஜாதாவின் கணேஷ் வக்கீல். வெட்டியான் வந்தால் ஒன்று பயமுறுத்த வருவான், இல்லை தத்துவம் பேச வருவான்.

இது வெறும் கதைப் பிரச்சினை இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, கள்ளச்சாராயம் காரணமில்லை என்றுதான் மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. சாவுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள். மெத்தனால். 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எதனால் செத்தான் என்ற கேள்வியைப் பாடை கட்டுகிறவனே கேட்டு, அது ஊர் காதில் விழுகிற மாதிரி ஒரு கதையை நாம் எழுதியிருக்கிறோமா?

இப்போது எங்கள் பக்கமும் ஐஸ் பெட்டி, சொர்க்க ரதம், நாற்காலி எல்லாம் வாடகைக்கு வந்துவிட்டன. போன் போட்டால் ஒரே ஆள் எல்லாம் ஏற்பாடு செய்துவிடுகிறார். நாளைக்கு அவரையே துப்பறிகிறவராக வைத்துத் தமிழில் ஒரு வரிசை வரலாம். வந்தால் நானும் வாங்கிப் படிப்பேன். ஆனால் அவர் பெட்டியை இறக்கிவைத்து வாடகை வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர். குழி வெட்ட வருகிறவர் இன்னமும் அந்தத் தெருவிலிருந்துதான் வருகிறார்.