தேரடி வழியும் மில் வழியும்

மலருக்காக நம் கைக்கடிகாரச் சேகரிப்பு மன்றத்தின் இரு வழிகளைப் பற்றி எழுதித் தருமாறு தலைவர் ஐயா பணித்தார். மூத்தவர்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு ஏட்டில் இருக்கட்டும்.

இராஜபாளையத்து வழி மில்லோடு வந்தது. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு ஊரின் முகமே மாறியது. அங்குள்ள நம் உறுப்பினர்களின் ஹியூயர், ஒமேகா எல்லாம் மில் காசில் வாங்கி வீட்டுப் பீரோவிலேயே வைத்திருந்தவை. பெட்டி, ரசீது, கியாரண்டி அட்டை எதுவும் தொலையாமல் காக்கும் அந்த ஒழுங்கை நான் வணங்குகிறேன். முழுமைக்கு அளவுகோல் தந்தவர்கள் அவர்கள்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வழி ரிப்பேர் மேஜையில் பிறந்தது. என் ஆசான் தேரடிப் பக்கம் கடை வைத்திருந்தார். பெரியவர் என்றாலே நமக்குள் போதும். கடிகாரத்தைக் கையில் கொடுத்தால் கம்பெனிப் பெயரைப் பார்க்க மாட்டார். பொத்தானை அழுத்திக் காதில் வைப்பார். லேண்டரான் 48 எந்திரம் ஓடும் குரோனோகிராஃபை, அதாவது பொத்தானால் நேரம் அளக்கும் கடிகாரத்தை, மேல் பொத்தானால் நிறுத்தப் பார்த்துவிட்டு, ரிப்பேர் என்று தூக்கி வருவார்கள். அதில் மேல் பொத்தான் ஓட்டுவதற்கு மட்டும். நிறுத்துவதும் திருப்புவதும் கீழே என்று பொறுமையாகக் காட்டி, காசு வாங்காமல் அனுப்புவார். ஆட்டோமேட்டிக்கான செய்கோ 6139-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது என்று தெரியாமல் திருகுபவர்களிடம் மட்டும் அந்தப் பொறுமை இருக்காது. மில் தொழிலாளி கொண்டுவரும் கடிகாரத்தில் பஞ்சுத் தூசியும் எண்ணெயும் கலந்து களியாக இருக்கும். வீல் வீலாகக் கழற்றிக் கழுவுவார். டயலை மட்டும் தொட மாட்டார். கறை இருந்தால் கறையோடு திரும்பும்.

அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்று போட்ட டயலை இருட்டறைக்குள் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அந்த ‘டி’ டயலை ஒளிர வைக்கும் டிரிட்டியத்தைக் குறிக்கும். அதன் வீரியம் பன்னிரண்டு சொச்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பது ஆண்டில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படிப்பட்ட டயல் விடிய விடிய ஒளிர்ந்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைச் சொல்லும்போது இன்றைய நிலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் குறிப்பிடவில்லை. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது, வாடிக்கையாளரும் பளபளப்பைத்தான் கேட்கிறார். அதற்காக வால்ஜூ 72 எந்திரம் ஓடும் கடிகாரத்துக்குப் புது டயல் அச்சடிக்கலாமா? டயலுக்குள் இருக்கும் சின்ன வட்டங்களின் மெல்லிய வரிகளைப் பெயின்ட் அடைத்துவிடுகிறது. கேஸை பஃப் போட்டுப் போட்டுக் பட்டை மாட்டும் காதுகளின் விளிம்பு மழுங்கிச் சோப்புக்கட்டி போலாகிவிடுகிறது. ஆட்டோமேட்டிக்கும் தப்பவில்லை. 1969-இல் ஹியூயர், செய்கோ, ஜெனித் என்று மூன்று பக்கத்திலிருந்தும் போட்டி போட்டுக்கொண்டு ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபைக் கொண்டுவந்தார்களே, அந்த உழைப்பின் முகத்தை ஒரு டப்பா பெயின்டில் அழிக்கிறோம். இப்படியே போனால் மதுரையிலிருந்து தென்காசி வரை ஒரு நிஜ டயல் இருக்காது. நம் பேரப்பிள்ளைகள் பொய் முகத்தைப் பார்த்தே மணி பழகுவார்கள். பழையது எது, புதியது எது என்ற பகுத்தறிவே ஊரில் அற்றுப்போகும். கோயில் தூணுக்கு எனாமல் அடிக்கிறவர்களைக் கண்டிக்கும் நாம், கையில் கட்டியிருப்பதற்கு அதையே செய்யலாமா? பெரியவர் இருந்திருந்தால் அந்த ரிப்பேர் மேஜையையே மூடியிருப்பார்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு கடிகாரத்தையும் பின்மூடி திறந்து, லென்ஸ் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். டயல் மாற்றியிருந்தால் அதைச் சீட்டில் எழுத வேண்டும். இராஜபாளையத்து அன்பர்கள் ரசீதைக் கொண்டுவரட்டும், தேரடிப் பிள்ளைகள் நாங்கள் ஸ்க்ரூடிரைவரோடு வருகிறோம்.