கல்லுச் சூப்பில் காய்கறி யாருடையது?

ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பழைய கணனிகளைச் சேர்த்து அனுப்பவேண்டும் என்று வாதாடும் நண்பர் ஒருவர், 2001 ஓகஸ்ட் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் ஹார்க்ரோவ், ஹொஃப்மன், ஸ்ரேர்லிங் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையை என் கையில் திணித்தார். இரவு வேலை முடிந்து வந்து இருதடவை வாசித்தேன். மதிப்பும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு.

அமெரிக்காவின் ஒக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் முதலிருவரும் 64 கணனிகள் வாங்க 64,000 டொலர் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. கழித்துவிடப்பட்ட கணனிகளைப் பொறுக்கி, லினக்ஸ் போட்டு, வலையாகத் தொடுத்தார்கள். 2001இல் அவை 130ஐத் தாண்டியிருந்தன. நாட்டை 78 இலட்சம் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் வெப்பம், மழை, மண் என்று 25 இயல்புகளை வைத்து, ஒத்தவற்றைக் கூட்டிச் சூழல் வலயப் படம் வரைந்தார்கள். புவியியல் படிப்பித்தவனுக்கு வாயூறாமல் இருக்குமா?

கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேலைப் பங்கீடு. எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுத்தால் வேகமான இயந்திரம் முடித்துவிட்டுக் கிழட்டு 486க்காகக் காத்திருக்கும். ஆகவே ஒரு தலைமைக் கணனி சிறு துண்டுகளாகக் கொடுக்கிறது. முடித்தது வந்து அடுத்ததைக் கேட்கிறது. மெதுவானதற்கும் இடமுண்டு. (எங்கள் மேற்பார்வையாளருக்கு இதை வாசித்துக் காட்ட ஆசை.) ஆனால் காலநிலை மாதிரிக்கு இது அவ்வளவு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு படியிலும் பக்கத்துக் கட்டத்தோடு பேசவேண்டும். மெதுவான வலைக்கம்பியில் கணிப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம்.

பெயர் கல்லுச் சூப் கதையிலிருந்து வந்தது: கல்லைக் கொதிக்கவைத்து, ஊராரிடம் ஆளுக்கொரு காய்கறி வாங்கிச் சூப் ஆக்கியவன் கதை. ஊராரின் வீட்டில் காய்கறி இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அறை கிடைத்தது அந்த ஆய்வுகூடத்திலேயே. அந்த அறை, மின்சாரம், விஞ்ஞானிகளின் சம்பளம் எல்லாவற்றையும், 'நீங்களே செய்யலாம்' என்ற தொனியிலுள்ள தலைப்பு மறக்கடித்துவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் விடைத்தாள் திருத்தியவன் நான். இன்று அங்கே மின்சாரம் உண்டு; மாதாமாதம் பில்லும் உண்டு. அந்த 130 கணனிகளும் சேர்ந்து உச்சத்தில் செய்தது நொடிக்கு ஏறத்தாழ 120 கோடிக் கணிப்பு. இன்று நண்பரின் சட்டைப்பையிலுள்ள தொலைபேசி அதை மிஞ்சும். அனுப்புவதானால் பத்து அனுப்புங்கள், அதுவும் அண்மையில் கழித்தவற்றை. ஏற்றுமுன், பில்லை யார் கட்டுவது, பழுதானால் திறந்து பார்ப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று நண்பர் அடுத்த இதழில் எழுதட்டும்.