திருவெம்பாவையும் வீட்டுக் காணொளியும்

திருவண்ணாமலையை வலம் வருவார் நடக்கும் வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அளவினது. அவ்வழியில், மலையின் மேற்றிசைப் பக்கத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. திருவெம்பாவை இவ்விடத்தே அருளப்பெற்றது என்பது மரபு. மணிவாசகர்க்கு ஈண்டு ஒரு கோயிலும் உண்டு. அப்பாடல்கள் இந்நாளில் மார்கழிதோறும் புதியதொரு வடிவில் வெளிவருகின்றன. வலம் வரும் அன்பர் கைப்பேசியிற் படம் பிடித்து, தாமே பாடி, தாமே இசை சேர்த்து, தாமே வெட்டி ஒட்டி உலவவிடும் காணொளிகளையே குறிக்கின்றோம். இவை தமிழாய்வார் நோக்குதற்கு உரியன அல்ல என்பார் உளர். ஓலை எழுதினோன் கைப்பட நேர்ந்த மாற்றங்களைப் பாடவேறுபாடு என்று தொகுத்துப் போற்றும் நாம், பாடலைக் கேட்டே அறியும் தலைமுறைக்குக் கருவி செய்து தரும் மாற்றங்களைப் பாராது விடுதல் எவ்வாறு பொருந்தும்?

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவரை வேறுவேறாக நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை விரித்துரைக்கின்றது. அவ்வறுவர் தொழிலையும் ஒருவரே செய்யும் வாய்ப்பு அண்மைக் காலத்தே வந்தது. ஐமூவி 1999இலும், விண்டோஸ் மூவி மேக்கர் 2000இலும், காரேஜ்பேண்டு 2004இலும் தோன்றின. இன்று கைன்மாஸ்டர், பேண்ட்லேப் போன்றவை கைப்பேசியிலேயே அத்தொழிலை முடித்துத் தருகின்றன. தொழில் எளிதாயிற்று; தகுதி பற்றிய வினா மட்டும் அவ்வண்ணமே நிற்கின்றது.

முதற்கண் யாப்பை நோக்குவோம். திருவெம்பாவை வெண்டளையான் வந்த இயற்றரவிணைக் கொச்சகக் கலிப்பா. நாற்சீரடி எட்டு. காரேஜ்பேண்டில் புதுப்பாடல் தொடங்குவோர்க்கு நிமிடத்திற்கு 120 தட்டு, வட்டணைக்கு நான்கு தட்டு என்னும் அளவு, அவர் மாற்றாதவரை, தானே வந்து நிற்கும். நான்கு சீர், நான்கு தட்டு! பொருத்தம் வியக்கத்தக்கது எனத் தோன்றும். ஆயின் வெண்டளையின் உயிர், ஈரசைச் சீரும் மூவசைச் சீரும் விரவி நடத்தலில் உள்ளது. மாச்சீர்க்கும் காய்ச்சீர்க்கும் ஒரே அளவான தட்டினைக் கொடுத்தால், முன்னது இழுபடும், பின்னது நெருக்குண்ணும். நாம் கேட்ட காணொளிகளுட் பலவற்றில் மூவசைச் சீரின் ஈற்றசை விழுங்கப்படுதல் தெற்றெனப் புலனாயிற்று. பாடுவார் குரலில் குறையில்லை. பின்னே முழங்கும் முழவொலித் துண்டு நான்கு நொடிக்கொருமுறை மீள மீள வருகின்றது. அதற்குப் பாடல் அடங்கிப் போகின்றது. ஆடாசிட்டி போல்வனவற்றில் தட்டின்றியே குரலைப் பதிந்துகொள்ளலாம் ஆதலின், இதனைக் கருவியின் தவிர்க்கவொண்ணாக் குற்றம் என்பதற்கில்லை.

சுருதியிலும் இத்தகையதே நிலை. திருவாசகத்தை மோகனத்தில் ஓதுதல் ஓதுவார் வழக்கு. மோகனத்தின் காந்தாரம் இயல்பாக 5:4 என்னும் விகிதத்தை நாடும். சமப்பகுப்பு முறையில் அமைந்த விசைப்பலகையின் காந்தாரமோ, அரைச்சுரத்தை 100 கூறாக்கின் அதற்கு ஏறத்தாழ 14 கூறு மேலே நிற்பது. தம்புரா ஒன்றே துணையாகப் பாடுவார் குரல் தன் இடத்தே அமைகின்றது. விசைப்பலகை துணையாயின் மேலே இழுக்கப்படுகின்றது. குரலைத் தானே நேர்செய்யும் வசதியையும் முடுக்கிவிட்டால் கமகம் படிக்கட்டாகி விடுகின்றது. 2005இல் இளையராசா வெளியிட்ட திருவாசகச் சிம்பொனியைச் சுட்டி, அங்கும் மேனாட்டு இசையன்றோ என்று வினவலாம். அஃது ஒருவர் அறிந்து தேர்ந்து செய்த மறுபடைப்பு. ஈண்டு தேர்ந்தவர் எவரும் இலர். கருவியின் தொடக்க அமைப்பே தேர்ந்துவிட்டது.

நன்மையும் உண்டு, அதனை மறைத்தல் முறையன்று. முதற்பகுதிப் பாடல்கள் எழுப்புவார்க்கும் துயில்வாட்கும் இடையே நிகழும் உரையாடல். நான்காம் பாட்டில் உள்ளிருப்பாள் எல்லோரும் வந்தனரோ என வினவ, புறத்திருப்பார் எண்ணிச் சொல்வோம் என்று விடை தருகின்றனர். ஒரே குரலில் நேராக ஓதுங்கால் இக்கூற்று மாற்றம் கேட்போர்க்குப் புலப்படுவது அரிது. பொழிப்புரையை நாட வேண்டும். பல்தடப் பதிவிலோ ஒருத்தியே இரு கூற்றையும் தனித்தனியே பாடி, ஒன்றை இடச்செவிக்கும் மற்றதை வலச்செவிக்கும் வைத்துவிடலாம். துயில்வாள் குரலைச் சற்றே தாழ்த்தி, கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் அமைப்பின் பாட்டின் நாடகப் பண்பு உரையின்றியே விளங்கும். இதனைச் செய்தார் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

காட்சிப் பகுதியில் இடர் பெரிது. பதின்மூன்றாம் பாட்டில் குவளையும் தாமரையும் பூத்த மடு, பிராட்டியும் பெருமானும் போன்றது எனப்படுகின்றது. அடைமொழிகள் மடுவுக்கும் அவர்க்கும் ஒருங்கே பொருந்தும் சிலேடை. காணொளி செய்வார் அருவி ஒன்றைக் காட்டுகின்றார், அல்லது உமையொருபாகன் திருவுருவைக் காட்டுகின்றார். எதனைக் காட்டினும் மற்றது மறைந்தது. சொல் இரண்டையும் ஒருசேரத் தாங்கும். படம் ஒன்றனையே பற்றும். இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டல் தீர்வாகாது. அது சிலேடையை வெளிப்படை உவமை ஆக்கும், அவ்வளவே. பதினாறாம் பாட்டில் முகில் அம்மையாக உவமிக்கப்படுதல் வெளிப்படை ஆதலின், ஆண்டு அம்முறை ஒருவாறு பொருந்தும்.

பதினெட்டாம் பாட்டு அண்ணாமலையைப் பெயர் சுட்டிப் பாடுவது. ஆதலின் இவ்வூரார் காணொளி அனைத்தும் ஆண்டு மலையைக் காட்டத் தவறுவதில்லை. பெரும்பாலும் தீபநாட் படங்கள். ஒன்று கரைந்து மற்றொன்று தோன்ற, எழுத்துகள் சுழன்று வரும். அப்பாட்டின் பொருளோ கதிரவன் எழ இருள் நீங்குதலும், விண்மீன்கள் ஒளி மழுங்கி அகலுதலும். தீபம் ஆண்டு வேண்டுவதன்று. பெருங்கோயில் மலைக்குக் கிழக்கே உள்ளது ஆதலின், ஆண்டு நின்றார்க்குக் காலையில் மலை ஒளி பெற்று விளங்கும். அடி அண்ணாமலையினின்று நோக்குவார்க்கு ஞாயிறு மலைக்குப் பின்னே எழுகின்றது. மலை கருமையாய் நிற்க, அதன் விளிம்பிலே வெளுப்புப் படர்ந்து மீன்கள் ஒவ்வொன்றாய் மறையும். நாம் கண்ட காணொளி ஒன்றில், செய்தவர் பெயர் இல்லை, கைப்பேசியை ஓரிடத்தே ஊன்றி இக்காட்சியை வெட்டின்றி எட்டடிக்கும் ஓடவிட்டிருந்தனர். குரல் பயிற்சியுற்றதன்று, தாளக்கருவி யாதும் இல்லை. ஐந்தாமடியில் ஒரு பேருந்தின் ஒலி கேட்கின்றது. அதனை நீக்கும் வசதி கருவியில் இருந்தும் நீக்கினாரில்லை.